எதற்கும் ஓர் ஊசி

என் தங்கமே,

கோழிக் கிறுக்கல் என்று சிரிக்காதே, இடது கையால் எழுதுகிறேன்.

பண்ணையில் வெள்ளைக்காலிக் குதிரை செத்துவிட்டது. கருப்பையில் பிடித்த சீழ் எந்த மருந்துக்கும் மசியவில்லை. நன்றாக இருந்த குதிரைகளுக்கும் ஒவ்வொரு பருவத்திலும், “எதுக்கும் இருக்கட்டும் டாக்டர், ஒரு ஊசி போட்டுடுங்க” என்பார் முதலாளி. நானும் போட்டுப் போட்டு, கிருமிகளுக்கு அந்த மருந்தெல்லாம் பழகிவிட்டது.

அந்தக் குதிரையின் கருப்பையைக் கழுவிவிட்டபோது என் கையுறை கிழிந்திருந்தது. விரலில் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிச் சாப்பாடு பரவாயில்லை. நேற்றும் மருந்தை மாற்றினார்கள். வீக்கம் தோள்வரை வந்துவிட்டதால் சட்டை போட முடியவில்லை.

பச்சை உடம்போடு இங்கே கிளம்பி வராதே. பிள்ளைக்குப் பெயர் வைக்க நான் வரும்வரை பொறு என்றிருந்தேன். எதுக்கும் இருக்கட்டும், நீயே வைத்துவிடு.

உன் குதிரை டாக்டர்