காளவாசல் படத்துக்குச் சுவர் இல்லை

ஜூலை 22, செவ்வாய்

ஆடிக் காற்று. கோச்சடை அறையில் ஜன்னல் கொக்கி போய்விட்டது. பழைய லுங்கியைத் திணித்துவிட்டுக் கிளம்பினேன்.

அருங்காட்சியகத்தில் வெள்ளையடித்து முடிந்தது. இனி எந்த ஓவியம் சுவருக்கு, எது கிடங்குக்கு. ஒப்பந்த உதவியாளனான என் வேலை: அளப்பது, தூக்குவது, வாயை மூடிக்கொண்டிருப்பது. மூன்றாவது வரவில்லை.

இருப்பதில் பாதிக்குக்கூடச் சுவர் கிடையாது. காப்பாட்சியர் (இனி கா.) சொல்லும் காரணங்கள்: வெளிச்சத்தில் நிறம் போகும், படத்துக்கு ஓய்வு வேண்டும். அளவு பொருந்தாது. நன்கொடையாகத் தந்தவர் திறப்பு விழாவுக்கு வருகிறார். முதலாவது உண்மை. கடைசிதான் ஜெயிக்கும்.

கிழக்குச் சுவரில் ஒரே ஓர் இடம் பாக்கி. ஓவியங்கள் இரண்டு. ஒன்று மீனாட்சி, ஒரு ஜவுளிக்கடை முதலாளி தந்தது. முகம் அப்படியே காலண்டர். மற்றது தமிழ்ச்செல்வி அக்கா வரைந்தது. காளவாசல் சந்திப்பில் காலையில் கூலிக்கு நிற்பவர்களில், வெயில் ஏறியும் யாரும் கூப்பிடாத நான்கு பேர். தூக்குவாளியோடு குத்தவைத்திருப்பவர் அக்காவின் அப்பா.

ஜூலை 24, வியாழன்

தலைவலி. இரண்டு டீ. பலனில்லை.

கா.விடம் நேராகவே கேட்டேன், ஏன் மீனாட்சி என்று.

"காளவாசல் நல்ல படம்தான் தம்பி. எனக்குத் தெரியாதா? ஆனா அதக் கிடங்குல போட்டா ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான். சாமியப் போட்டா நாளைக்கே வாசல்ல கூட்டம் நிக்கும்."

"யாராவது வந்து கேட்டா வைப்பீங்களா சார்?"

"கேக்கட்டும். பாப்போம்."

காவலர் முருகேசன் அண்ணன் தினமும் மீனாட்சிக்கு மல்லிகை செருகுகிறார். சட்டத்தில் குங்குமம். ஓவியத்தைத் தொடாதீர்கள் என்ற பலகைக்குப் பக்கத்திலேயே. துடைப்பது நான்.

"பூவ எடுக்காத மாப்ள. கண்ணு போயிரும்."

"போகட்டும்ணே. இங்க பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை என்னோடு யாரும் பேசவில்லை.

அக்காவுக்குப் போன். பேரையூரில் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியை. அப்பாவை அழைத்துவாருங்கள், அவர் கேட்டால் போதும் என்றேன். "அய்யாவா? அவரு எங்க வாயத் தொறக்கப் போறாரு. சரி, சனிக்கிழம வாரோம்."

பரோட்டா. தனியாக. பெரியவர் என்ன கேட்பார் என்று எனக்குள் பேசிப் பார்த்தேன். "எங்க படம் எங்கய்யா?" அவ்வளவு போதும்.

ஜூலை 26, சனி

வந்தார்கள். பெரியவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார். போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை.

இரண்டு ஓவியங்களும் சுவரோரம் சாத்தியிருந்தன. கா. மரியாதையாகவே பேசினார். "அய்யா, எடம் ஒண்ணுதான் இருக்கு. உங்க படம்தான் வேணும்னா சொல்லுங்க."

அக்கா அப்பாவின் முழங்கையை இடித்தாள். அவர் தன் படத்தைப் பார்க்கவேயில்லை. மீனாட்சியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஆத்தா இருக்கையில நான் எதுக்குய்யா? ஆத்தாவ மாட்டுங்க."

கா. என்னைப் பார்த்தார். ஜெயித்த முகம் இல்லை. கூச்சம்.

யார் மேல் கோபப்பட? ஆயுள் முழுக்க ஒதுங்கி நில் என்று பழக்கினார்கள். இன்று அவர் தானாகவே ஒதுங்கினார். அதற்கு அவரைக் கூட்டிவந்தவன் நான்.

சாப்பாட்டு நேரத்துக்குள் காளவாசலைக் கிடங்குக்குக் கொண்டுபோனேன். இருவரும் கூடவே வந்தார்கள். ஏசிக் குளிர். இரும்பு அடுக்குகளுக்கு நடுவே ஓராள் நிற்கும் அகலம். தள்ளி நின்று பார்க்க முடியாது.

"இம்புட்டுக் கிட்டத்துல நான் வரையும்போதுதான் பாத்தேன்" என்றாள் அக்கா.

அப்போதுதான் பெரியவர் படத்தைப் பார்த்தார். தன்னை அல்ல, ஓரத்தில் நிற்பவரை. "இது மூக்கையா. இவனுக்கு அன்னைக்கே பெறகு வேல கெடச்சிருச்சு. எம்மக அதுக்குள்ள வரஞ்சிட்டா."

அக்கா சிரித்தாள். நானும்.

ஜூலை 27, ஞாயிறு

துணி துவைத்தேன். ஜன்னலுக்குக் கொக்கி வாங்கவில்லை. வைகைக் கரையில் கொஞ்ச தூரம் நடை. தண்ணீர் இல்லை. மாடுகள். அம்மா போன் செய்வாள் என்று நினைத்தேன். நானும் செய்யவில்லை. வேலையை விட்டுவிடலாமா?

ஜூலை 29, செவ்வாய்

திறப்பு விழா. ஜவுளிக்கடை முதலாளி மீனாட்சி முன்னால் தேங்காய் உடைக்க வேண்டும் என்றார். கெஞ்சி, வாசலில் உடைக்க வைத்தோம். ஓடு பொறுக்கியது நான்.

இரவு அக்கா போன். "அய்யா தெரு பூராச் சொல்லிட்டாரு தம்பி. இந்தா, அவரே பேசணுமாம்."

"தம்பி, வெளிய மாட்டுறது வாரவன் போறவன் பாக்குறதுக்கு. நல்லதத்தான் ஏசி ரூம்ல வச்சுப் பூட்டுவீக. எம்மகளுக்கு வெளங்கல. நான் சொன்னது சரிதான?"

"சரிதான்யா" என்றேன்.