பேராம்பல் கரை தேறியது என்ற ஓலைக்கு மறுமொழி

திருவும் மழையும் ஒருசேர நிலைபெறுக. அருவிமலை நாட்டை இருபத்திரண்டாம் ஆண்டாக ஆண்டருளும் பெருமான் வேலிறையனார் திருவடி நிழலிலிருந்து, அவையில் ஓலை வாசிக்கும் அமைச்சன் பொறையன் நக்கன் எழுதுவது. கீழைக்கோட்டத்தின் காவலரும், மும்முறை பொற்பட்டம் பெற்றவருமாகிய ஆதன் வில்லியார் காண்க. உம் கோட்டத்துக் குடியும் கன்றும் கழனியும் நலம் பெறுக. எல்லா ஓலைக்கும் எழுதுகிற வாழ்த்துதான் இது. ஆனால் இம்முறை அஞ்சிக்கொண்டே எழுதுகிறேன்.

பேராம்பல் ஏரியின் புதுக்கரை தேறியது என்று ஆனித் திங்களில் நீர் விடுத்த ஓலை என் கைக்கு வந்தது. அதை நானே அவையில் வாசித்தேன். பெருமான் மகிழ்ந்து, கடல்கோளில் ஊரிழந்து நின்ற தாழைக்குடியார் நூற்றுப்பத்துக் குடும்பத்துக்கும் அக்கரையின் கீழேயே மனையும் வயலும் வழங்கினார். ஆடியில் அவர்கள் குடியேறினார்கள். இப்போது கூரை வேய்ந்து, நாற்று விட்டு, ஒரு வழியாக மூச்சு விட்டிருக்கிறார்களாம்.

இந்நிலையில் நேற்று, கரைத்தச்சன் உலகன் பதினொரு நாள் நடந்து என் வாயிலுக்கு வந்து சேர்ந்தான். கால் வெடித்திருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தும் வாங்காமல் நின்றுகொண்டே பேசினான். அவன் சொன்னதை என் நடையில் மாற்றி எழுத மனம் வரவில்லை, அவன் வாய்மொழியாகவே தருகிறேன்: “கல்லும் மண்ணும் வெச்சு முடிச்சாச்சுங்க. ஆனா தண்ணி இன்னும் அது மேல சாஞ்சு பாக்கலீங்களே. அதுக்குள்ள கீழ குடி வெச்சிட்டாங்க. எனக்குத் தூக்கமே வரலீங்க.”

வில்லியாரே, ஏரிப்பணிக்கு நம் முன்னோர் மூன்று ஓலை வைத்தது எதற்கென்று உமக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆள் கலைந்து மண்வெட்டி கீழே வைக்கப்பட்டால் பணி ஓய்ந்தது என்று எழுதுவோம். பாதிக் கரையோடு ஓய்ந்த பணிகளும் இந்நாட்டில் உண்டு. வகுத்த உயரமும் அகலமும் மதகும் அமைந்துவிட்டால் முடிந்தது என்று எழுதுவோம். ஒரு முழு மழைக்காலம் ஏரியில் தண்ணீர் நின்று, கரை கசியாமல் தாங்கிய பிறகே தேறியது என்பது. அந்த மூன்றாம் ஓலை வராமல் கரைக்குக் கீழே மாட்டுக்கொட்டில்கூடப் போடுவதில்லை. அதுவரை கீழே குடிலிட்டுத் தங்குகிறவன், முடிந்தது என்று ஓலை எழுதிய அதிகாரி ஒருவனே. தான் கட்டியதன் கீழே தானே படுத்திருந்தால் கண் சரியாகப் பார்க்கும் என்று வைத்த வழக்கம் அது.

தெற்கு மதகை ஒட்டிய களிமண் காய்ந்தபடியே கொட்டப்பட்டு இறுகாமல் கிடக்கிறது என்றும், ஒரு மழை பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றும் உம்மிடம் மும்முறை முறையிட்டதாக உலகன் கூறுகிறான். முடிந்ததற்கும் தேறியதற்கும் எழுத்தில்தான் வேற்றுமை என்று நீர் விடை அளித்தீராம். பெருமான் பட்டமேற்ற நாளின் ஆண்டுவிழாவுக்கு நல்ல செய்தி ஒன்று போய்ச் சேர வேண்டும் என்று எண்ணினீர் போலும். அந்த ஆசை எனக்குப் புரியாமல் இல்லை.

உம்மை மட்டும் வைது இவ்வோலையை முடித்துவிடவும் எனக்கு வாய் இல்லை. தையில் தொடங்கிய பணி ஆனியில் தேறியது என்றால் இடையில் மழை ஏது என்று விரல் விட்டு எண்ணியிருக்கலாம். நான் எண்ணவில்லை. முப்பத்தொரு ஆண்டாக ஓய்ந்தது, நின்றது, மீண்டும் தொடங்கியது என்றே வாசித்துச் சலித்தவன், நன்றாக முடிந்த ஒன்றையாவது வாசிக்கக் கிடைத்ததே என்று உரக்க வாசித்தேன். வாசிக்கும்போது மகிழ்ச்சியாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை பெருமானிடம் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். பிழை யாருடையது என்று கேட்டருளினார். எழுதியவர் ஒருவர், வாசித்தவன் ஒருவன் என்று விண்ணப்பித்தேன். தண்டனை பிறகு பார்க்கலாம், முதலில் குடிகளை மேட்டில் ஏற்றுக என்று திருவாய் மலர்ந்தருளினார்.

ஆகவே பெருமான் ஆணையால் விதிப்பது. ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு திங்கள்கூட இல்லை. ஓலை கண்ட எட்டாம் நாளுக்குள் தாழைக்குடியார் யாவரும் ஈச்சமேட்டுக்குப் பெயர்ந்தாக வேண்டும். அவர்களுக்கான நெல் கோட்டைக் களஞ்சியத்திலிருந்து வரும். மதகு இரண்டும் திறந்தே கிடக்கட்டும். தெற்குக் களிமண்ணை உலகன் சொல்லும் வண்ணம் வெட்டி, நனைத்து, மீண்டும் மிதிக்கச் செய்க.

அவர்கள் எளிதில் கிளம்பமாட்டார்கள். ஒருமுறை எல்லாம் இழந்தவர்கள். நாற்றை விட்டு வரச் சொன்னால் உம்மை ஏசுவார்கள். ஏவலரை அனுப்பாமல் நீரே சென்று, பாராத மழையைப் பார்த்ததாக எழுதினேன் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்க. நம்பும்வரை நின்று சொல்க. அதன்பின் கரையின் கீழே, வழக்கப்படி உமக்கு ஒரு குடிலும், வாசித்த எனக்கு ஒரு குடிலும் போடச் செய்க. புரட்டாசி முடிவதற்குள் வந்து சேர்கிறேன்.

மறுமொழியில் ஆணை முடிந்தது என்றோ நிறைவேறியது என்றோ எழுத வேண்டா. அச்சொற்களை இனி என்னால் நம்ப இயலாது. தாழைக்குடியாரில் கடைசியாக மேடேறியவர் யாரோ, அவர் பெயரை மட்டும் எழுதி விடுக்க.

ஆவணித் திங்கள் ஒன்பதாம் நாள், அரண்மனையில், கயல் பொறித்த மண்முத்திரை இட்டு, பொறையன் நக்கன் என் எழுத்து.