முப்பத்தொன்றாம் எண் பிளேட்

டிக்கின்சன், வட டகோட்டா
ஜனவரி 14

அன்புள்ள வெஸ்,

செப்டம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை 10.52. உன் அக்கா கெல்சி போய்விட்டாள் என்ற செய்தி எனக்கு வந்த நேரம் அது. வண்டிக்குள் உட்கார்ந்து குழாய் வெல்டுகளின் எக்ஸ்ரே பிலிமைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் திரையில் உன் பெயர். "மச்சான், வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றாய். வண்டி நின்றுதான் இருக்கிறது என்றேன். அப்புறம் நீ சொன்னாய். பிலிமை ஒழுங்காக உறையில் போட்டு, நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் இறங்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

அதிலிருந்து திரையில் உன் பெயர் வந்தால் கை போகமாட்டேன் என்கிறது. புத்தாண்டுக்குப் பிறகு ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறாய். எல்லாவற்றையும் பார்த்தேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். பதினேழு வயதில் அது உன் தலையில் விழுந்தது. இனிமேல் கடிதம் எழுது. கடிதம் என்றால் பிரிக்க முடிகிறது.

அத்தை அனுப்பிய கொலாச்சி பன் பெட்டி கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. பிளம் வைத்ததெல்லாம் நானே தின்றேன். கசகசா வைத்ததை விடுதிக் கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அத்தையிடம் சொல்லாதே.

வேலை நிறைய இருக்கிறது. எந்த நாளில் கூப்பிட்டாலும் சரி என்கிறேன். ஞாயிறும் சரிதான், கிறிஸ்துமஸும் சரிதான். உன் அக்காவின் கண்ணுக்கு லாரியை மறைத்ததே, அந்த மாதிரிச் சோளக்காடு இந்தப் பக்கம் கிடையாது. முக்கு திரும்பும்போது எதிரே லாரி வருவது ஒரு மைலுக்கு முன்னாலேயே தெரியும். அதுவே ஒரு நிம்மதி.

மாமாவின் முட்டி எப்படி இருக்கிறது?

உன் மச்சான்,
ட்ரென்ட்

---

ஹவ்ரானெக் பண்ணை, நெப்ராஸ்கா
ஜனவரி 26

மச்சானுக்கு,

எனக்கு எழுத்து நடையெல்லாம் வராது, பேசுற மாதிரியேதான் எழுதுவேன். இங்கிலீஷ் டீச்சர் பார்த்தா அழுதுருவாங்க.

ஒம்போது தடவை கூப்பிட்டது சும்மா இல்ல. ஒரு காரியம் ஆகணும். ஏப்ரல் 12, ஒமாஹாவுல எங்க தொழிற்கல்வி மாணவர் அமைப்போட மாநில மாநாடு. வெல்டிங் போட்டிக்கு நடுவரா உங்களை மாதிரி லைசென்ஸ் உள்ள வெல்டிங் இன்ஸ்பெக்டர் மூணு பேர் வேணும். ரெண்டு பேர்தான் கிடைச்சிருக்காங்க. மூணாவது ஆள் பிப்ரவரி கடைசிக்குள்ள வரலைன்னா இந்த வருஷம் வெல்டிங்கே கிடையாதாம். தச்சு வேலை இருக்கு, கேக் அலங்காரம் இருக்கு, முடி வெட்டறதுகூட இருக்கு. வெல்டிங் மட்டும் இல்ல. நான் என்ன, கேக்குக்கா பேர் குடுக்கறது?

எனக்கு இது கடைசி வருஷம் மச்சான். மே மாசத்தோட பள்ளிக்கூடம் முடியுது. முதல் இடம் வாங்கினாத்தான் தேசியப் போட்டிக்கு அனுப்புவாங்க. ரெண்டாவது வந்தா கைகுலுக்கி ஒரு சான்றிதழ். அது எப்படி இருக்கும்னு அக்காவுக்குத் தெரியும். அவளை ரெண்டாவதா தள்ளி முதல் இடம் வாங்கின மகராசன் யாருன்னு உங்களுக்கும் தெரியும். கல்யாணத்தன்னிக்கு மைக்கைப் புடிச்சு, "இவன் ஜெயிச்ச கடுப்புலதான் இவனையே கட்டிக்கிறேன்"னு சொன்னாளே. அந்தப் பாவத்துக்கு இந்த ஒரு நாள் வாங்க.

நான் ஜெயிக்கணும்னு நினைக்கிறது எனக்காக மட்டும் இல்ல. களஞ்சியத்துல நாலு வருஷம் எனக்குக் கத்துக்குடுத்தது அவதான். "ராடை மாட்டு வாலைப் புடிக்கிற மாதிரி புடிக்காதடா"ன்னு எத்தனை அடி வாங்கியிருப்பேன்.

அம்மா கேட்டாங்க, "மாப்பிள்ளை சாப்பிடறாரா"ன்னு. கடிதம் மூலமா சாப்பிடறாருன்னு சொன்னேன்.

அப்பா முட்டி அப்படியேதான் இருக்கு. டாக்டர்கிட்ட போகமாட்டாராம், விதைப்பு முடியட்டுமாம்.

வெஸ்டன்

---

டிக்கின்சன்
பிப்ரவரி 9

அன்புள்ள வெஸ்,

மூன்று நாள் கடிதத்தை வண்டியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வருகிறேன்.

போட்டித் தலைவி ஷெரில் டொர்னுக்கு எழுதிப்போட்டேன். போட்டியாளர்களில் ஒருவன் என் மனைவியின் தம்பி, அதனால் நான் சரிப்படமாட்டேன் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று. அந்த அம்மா உடனே போன் செய்தார். "நெப்ராஸ்காவுல வெல்டிங் தெரிஞ்ச ரெண்டு பேரை எடுத்தா அதுல ஒருத்தன் இன்னொருத்தனுக்குச் சொந்தம்தான் தம்பி. பசங்க வெல்டு பண்ணின இரும்பு பிளேட்டுல எண் மட்டும்தான் குத்தியிருக்கும். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. பசங்க பத்தவெக்கிற கூடத்துக்குள்ளயே நீங்க வரமாட்டீங்க. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க" என்றார்.

போட்டு அனுப்பிவிட்டேன். ஒருவேளை யாருடைய வேலை என்று தெரிந்துவிட்டால் உடனே சொல்லவேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து.

ஆகவே ஒமாஹாவில் என்னைப் பார்த்தால் யாரோ மாதிரி போய்விடு. உன் எண் என்ன என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதே. அத்தையிடமும் சொல்லிவை. அவர் கூட்டத்தில் "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுவிடுவார்.

ட்ரென்ட்

---

பண்ணை
மார்ச் 30

மச்சான்,

தினம் பள்ளிக்கூடம் விட்டதும் களஞ்சியத்துலதான். புகையிலயே குடியிருக்கேன். மாநாட்டுக்குப் போடற அமைப்பு கோட்டு தோள்ல இறுக்குது, அம்மா தையலைப் பிரிச்சு விட்டாங்க, இப்ப கையைத் தூக்கினா சத்தம் கேக்குது. எழுத்துத் தேர்வு வேற, நேர்காணல் வேற. "அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க"ன்னு கேப்பாங்களாம். கண்ணாடியிலன்னு சொல்லலாம்னு இருக்கேன்.

அம்மாகிட்ட சொல்லிட்டேன். தூரத்துலேர்ந்து பாத்துக்கறேன்னாங்க. போட்டி முடிஞ்சதும் கட்டிப்புடிக்கலாம்ல, அதுக்கு விதி இருக்கான்னு கேக்கறாங்க.

வெஸ்

---

டிக்கின்சன்
ஏப்ரல் 15

அன்புள்ள வெஸ்,

பரிசளிப்புக்கு முன்னாலேயே நான் கிளம்பிவிட்டது உனக்குத் தெரிந்திருக்கும். அத்தை வாகன நிறுத்தம் வரை தேடி வந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இரண்டாம் இடம், ஒன்றரை மதிப்பெண் வித்தியாசம். எப்படி அது நடந்தது என்பதை நான்தான் உனக்குச் சொல்லவேண்டும், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால்.

மேசையில் முப்பத்தெட்டுப் பிளேட் அடுக்கியிருந்தார்கள். மூன்று நடுவர்கள், ஆளுக்கொரு தாள், தனித்தனியாகப் போடவேண்டும். மூன்றின் சராசரிதான் முடிவு. முப்பது வரை சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது. முப்பத்தொன்றை எடுத்தேன். வெல்டின் அலைக்கோடுகள் எதிர்ப்பக்கமாகப் போயிருந்தன, வலதிலிருந்து இடதுக்கு. அதனால் ஒன்றுமில்லை, இடக்கைக்காரர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். ஆனால் முடிகிற இடத்தில் ராடை எடுக்கும்போது மேல்பக்கமாக ஒரு சின்னக் கொக்கி. வெஸ், உங்கள் களஞ்சியத்தில் மெஷின் சுவரோரம் நிற்கிறது, கேபிள் எட்டாது, அதனால் கெல்சி எதிர்ப்பக்கமாகப் பத்தவைத்தே பழகினாள். கேபிள் இழுக்கிற இழுப்பில் கடைசியில் கை மேலே போகும். உலகத்தில் இரண்டு பேர்தான் அப்படி முடிப்பார்கள்.

கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டேன். செய்யக்கூடாது. அப்புறம் தாளில் எண்களைப் போட்டேன். முடிவுப் பகுதிக்குப் பத்துக்குப் பத்து. அடுத்த பிளேட்டை எடுத்துவிட்டேன். அதற்கடுத்ததையும் எடுத்தேன்.

மூன்று தாளையும் கூட்டினபோது முப்பத்தொன்று முதலில் நின்றது. பக்கத்து நடுவர், பக் என்று ஒரு ஆள், என் தாளை எட்டிப் பார்த்து, "என்னப்பா, முப்பத்தொண்ணு மேல காதலா? பதினோரு நிமிஷம் கையில வெச்சிருந்தியே" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் எழுந்து ஷெரிலிடம் போனேன். யாருடைய கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன்.

அந்த அம்மா என் தாளை வாங்கிப் பார்த்தார். "மார்க்கு சரியாத்தானே போட்டீங்க?"

"தெரியல."

"தெரியலன்னா எப்படி?"

"எனக்குத் தெரியலைங்க."

என் தாளில் அந்த வரியை அடித்துவிட்டு வேறொரு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்கள். முடிவுப் பகுதிக்கு அவர் போட்டது நாலு. அதில் நீ இரண்டாவதாகிவிட்டாய்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஜூனில் நீ தேசியப் போட்டிக்குப் போயிருப்பாய். அது உனக்குத் தெரியவேண்டும்.

ட்ரென்ட்

---

பண்ணை
ஏப்ரல் 21

உங்க கடிதம் வந்துச்சு.

அதுல அவ கை தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க. தெரியட்டும்னுதான் நாலு வருஷம் பத்தவெச்சேன். மத்த ரெண்டு நடுவரும் நல்ல மார்க்தான் போட்டிருக்காங்க. அப்ப போட்டதைப் போட்டபடி விட்டிருக்கலாம்ல? யாரு கேட்டா உங்களை?

அக்காவா இருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பா.

வெஸ்டன் ஹவ்ரானெக்

---

டிக்கின்சன்
ஏப்ரல் 28

அன்புள்ள வெஸ்,

நீ எழுதியது நியாயம். வாதாட வரவில்லை.

கெல்சி வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாளா என்று யோசித்தேன். இருந்திருக்கலாம். அவள் உன் அக்கா, உனக்காக எதையும் செய்வாள். எனக்கு அவள் மனைவி. ஏழு மாதமாக எனக்கு எதுவும் உறைக்கவில்லை. குளிர் தெரியவில்லை, பசி தெரியவில்லை, சவ அடக்கத்தன்று யார் தோளில் கைவைத்தார்கள் என்பதுகூட நினைவில் இல்லை. அந்தப் பிளேட்டைத் தொட்டபோது மட்டும் இரும்பு என் கைச்சூட்டில் வெதுவெதுப்பாவது தெரிந்தது. அந்தப் பத்தை நான் அதற்குத்தான் போட்டேன். வெல்டுக்குப் போடவில்லை. மற்ற முப்பத்தேழு பேரும் அவரவர் வெல்டுக்குத்தான் மதிப்பெண் வாங்கினார்கள்.

சொன்னதற்கு வருத்தமில்லை. சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்க்காமல் ஓடிவந்தேனே, அதற்கு வருத்தம். அது கோழைத்தனம். அத்தையிடமும் சொல்.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ட்ரென்ட்

---

பண்ணை
மே 9

மச்சான்,

பதில் எழுதக்கூடாதுன்னுதான் இருந்தேன். அம்மா பத்து நாளா என்கிட்ட பேசற விதமே சரியில்ல. சோறு போடறாங்க, மேசையில டொக்குன்னு வைக்கறாங்க.

போன வாரம் பிளேட்டெல்லாம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்துச்சு. எங்க வாத்தியார் என் முன்னாடி முப்பத்தொண்ணைப் போட்டுட்டுப் போயிட்டாரு. ரெண்டு நாள் அதைத் தொடல. அப்புறம் பட்டை பட்டையா அறுத்து, வளைச்சுப் பாக்குற மெஷின்ல வெச்சேன். நடுவுல அறுத்த பட்டை சொன்ன பேச்சு கேட்டு அழகா வளைஞ்சுது. கடைசிப் பட்டை வாயைப் பொளந்துருச்சு. கால் அங்குலம். சரியா அந்தக் கொக்கி இருக்குற இடத்துல.

நீங்க பத்துக்குப் பத்து போட்ட இடம் மச்சான். நாலுகூட அதிகம்னு தோணுது. லைசென்ஸ் எப்படிக் குடுத்தாங்க உங்களுக்கு?

அக்கா வாயை மூடிட்டு இருந்திருப்பான்னு எழுதினேன்ல. அது பொய். அவளா இருந்தா போட்டி முடிஞ்ச அன்னிக்கே அறுத்து வளைச்சு என் மூஞ்சி முன்னாடி ஆட்டியிருப்பா. எனக்கு ஒரு மாசம் ஆச்சு. ஜெயிக்காம போனது இன்னும் வலிக்குதுதான். ஜெயிச்சுட்டு, பின்னாடி என்னிக்காவது வளைச்சுப் பாத்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல.

கேபிளை மாத்திட்டேன். அப்பா மெஷினை நடுவுல இழுத்துப் போட்டுக் குடுத்தாரு, முட்டியோடதான். இப்ப கேபிள் ரெண்டு பக்கமும் எட்டுது.

சரி, விஷயத்துக்கு வரேன். மே 18, சனிக்கிழமை, பட்டமளிப்பு. பள்ளிக்கூட ஜிம்முல, ரெண்டு மணிக்கு. வீட்டுக்கு ஆறு நாற்காலி குடுப்பாங்க. ஜனவரியில பேர் எழுதிக் குடுக்கச் சொன்னப்ப அஞ்சு எழுதிட்டு நிறுத்திட்டேன். நேத்து ஆபீஸ்ல கேட்டாங்க, ஆறாவது வேணுமா, வேற யாருக்காவது குடுத்துடலாமான்னு. உங்க பேரை எழுதிட்டேன். கேக்காமத்தான் எழுதினேன்.

முடிஞ்சப்புறம் களஞ்சியத்துல விருந்து. சில்லிக் குழம்பும் சினமன் ரோலும். மேசைக்கு ஆள் வந்தா அம்மாவுக்குப் போதும், விதியெல்லாம் கேக்கமாட்டாங்க.

அக்காவுக்கு அப்புறம் நீங்க எங்க வீட்டுப்பக்கமே வரல மச்சான். வேலைன்னு சொல்றீங்க. அந்தக் கம்பெனிக்கு வேற ஆளே இல்லையா?

வெஸ்

---

டிக்கின்சன்
மே 17, வெள்ளி, காலை

அன்புள்ள வெஸ்,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. நாங்கள் வேறொரு இடத்துக்குப் போயிருந்தோம், விடுதியில் மூன்று நாள் கிடந்திருக்கிறது. இந்தப் பதில் உனக்குச் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும். அதற்குள் நான் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருப்பேன். ஆனாலும் எழுதவேண்டும் போல் இருந்தது.

பிளேட்டைப் பற்றி நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை சிரித்துவிட்டேன். கவுன்ட்டர் பெண் எட்டிப் பார்த்தாள். அப்புறம் அழுதேன். அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆறாவது நாற்காலி யாருடையது என்று நீ எழுதவில்லை. எழுதவேண்டியதில்லை. உட்காருகிறேன். உன் பெயரைக் கூப்பிடும்போது கொஞ்சம் சத்தமாகக் கத்திவிடுவேன் என்று நினைக்கிறேன், உன் அக்கா கத்துகிற அளவுக்கு வராது. கோபித்துக்கொள்ளாதே.

இங்கிருந்து பத்து மணி நேர ஓட்டம். அத்தையிடம் ஒரு தட்டு எடுத்துவைக்கச் சொல்லவில்லை, அவராகவே எடுத்துவைப்பார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலைக்கு வரச்சொல்லி மேலாளர் நேற்று மாலை கூப்பிட்டார். முடியாது என்றேன். எட்டு மாதத்தில் முதல் முறை. அவர் நான் சொன்னது காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார். மறுபடியும் முடியாது என்றேன். இன்று காலையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டுவிட்டார். இன்னும் ஒரு முறை கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேன், என் வாய் அப்படிப் பழகிவிட்டது. இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

போனை அணைத்துவிட்டேன்.

உன் மச்சான்,
ட்ரென்ட்