டமராக்கின் தாழ்ந்த கூரை

1958 ஜனவரி 14, செவ்வாய்

இன்று நடந்தது கூட்டமா, விசாரணையா? எங்கள் கம்பெனியின் டமராக் கார் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் விற்றிருக்கிறது. விற்காதவை டீலர்களின் முற்றத்தில் பனி மூடிக் கிடக்கின்றனவாம். நான் வரைந்த கார். முதன்முதலாக என் பெயர் சொல்ல வந்த கார்.

எங்கள் வடிவமைப்புத் தலைவர் ஹாலிஸ்டர் சொன்னார்: "ஆர்வில், ஒரே ஒரு தடவைதான். மாத்தி வரை. ஏப்ரல்ல கம்பெனி டைரக்டருங்க பார்ப்பாங்க. அதுவும் பிடிக்கலன்னா டமராக்கைத் தலைமுழுகிடலாம்." என்னையும் சேர்த்துத்தான் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன?

வீட்டில் என் மனைவி நெட்டி, "முகம் ஏன் தொங்கிப்போய் இருக்கு?" என்றாள். பல்வலி என்றேன்.

ஜனவரி 22

எல்லோரும் முன்பக்க கிரில்லைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நாங்கள் வரைவதை நிஜ அளவிலேயே களிமண் காராகச் செய்யும் காஸ், "வயித்துவலிக்காரன் மூஞ்சி மாதிரி இருக்குப்பா" என்றான். சிரித்தேன். அப்புறம் நாள் முழுக்க அதுவே உறுத்தியது. சரி, மூஞ்சியை மாற்றுகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும் நெட்டி சர்ச்சுக்கு நடந்தே வருகிறேன் என்றாள். பனியில் எட்டுத் தெரு! "நடந்தா உடம்புக்கு நல்லதுங்க." ஒரு வருஷமாக இதே பாட்டு. நான் பக்கத்திலேயே காரை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்: "என் கார்ல ஏற உனக்கும் வெட்கமா இருக்கா?"

அவள் கண் கலங்கிவிட்டது. சே, என்ன மனுஷன் நான்.

பிப்ரவரி 10

காலையில் காரேஜுக்குக் கூட்டிப்போனாள். "திட்டாம பாருங்க" என்றாள். கதவைத் திறந்து, குனிந்து, நிமிர முடியாமல், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறினாள். முழுசாக ஒரு நிமிஷம். இரண்டு வருஷம் முன்னால் பனியில் வழுக்கி விழுந்து முறிந்த இடுப்பு. கூடிவிட்டது என்றுதானே நினைத்திருந்தேன்? நான் எப்போதும் அந்தப் பக்கம் ஏறி ஸ்டார்ட் செய்துகொண்டிருப்பேன். இவள் ஏறுவதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ஏண்டி சொல்லல?"

"ஊரே உங்க காரைக் கிண்டல் பண்ணுது. நானும் சேர்ந்துக்கவா?"

அங்கேயே பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

பிப்ரவரி 11

களிமண் காரைப் பார்த்தபடி நின்றேன். கதவு கிடையாது, ஜன்னலுக்குக் கறுப்பு பெயிண்ட். உள்ளே வெறும் மரச்சட்டம். இதைச் சுற்றிச் சுற்றி வந்துதான் ஒரு வருஷம் வரைந்தோம், பத்துப் பேர். சுற்றினோம், பார்த்தோம், தடவினோம். உட்கார்ந்து பார்க்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே!

கூரையை இரண்டு அங்குலம் ஏற்றலாம், கதவை அகலமாக்கலாம் என்றேன். ஹாலிஸ்டர் சிரித்தார். "பால் வண்டி ஆயிடும்யா. ஊர்ல எல்லாரும் கீழ இறக்குறாங்க, நீ மேல ஏத்துறியா?"

பிப்ரவரி 19

மறுபடி கேட்டேன். மறுபடி பால் வண்டி.

மார்ச் 1, சனி

டமராக்கைக் கொடுத்துவிட்டுப் போட்டிக் கம்பெனியின் பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டேன். உயரமான கார். அசிங்கம் என்றால் அப்படி ஒரு அசிங்கம். நெட்டி பதறினாள்: "ஐயோ, வேலை போயிடுங்க!"

"ஏறு முதல்ல."

ஏறினாள். சும்மா, நாற்காலியில் உட்கார்வது போல. ஆற்றங்கரை வரைக்கும் போய் வந்தோம்.

மார்ச் 3, திங்கள்

கம்பெனி கேட்டில் காவலாளி மறித்தான். "வேற கம்பெனி வண்டியெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் விடணும் சார், உங்களுக்குத் தெரியாதா?" தெரியும். இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். என் இடத்திலேயே, ஹாலிஸ்டர் ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினேன்.

காஸ் ஓடி வந்தான். "ராஜினாமாவைப் பேப்பர்ல எழுதிக் குடுப்பாங்க. நாலு சக்கரம் வெச்சு ஓட்டிட்டு வர்றவனை இப்பத்தான் பார்க்கறேன்."

ஹாலிஸ்டர் கத்திக்கொண்டே இறங்கி வந்தார். கத்தி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு சொன்னேன்: "நான் வரைஞ்ச கார்ல என் பெண்டாட்டியால ஏற முடியல சார். இதுல சுலபமா ஏறிட்டா." அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து, "இதை இங்கேருந்து எடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 4

என் மேசை இன்னும் இருக்கிறது.

மார்ச் 6

ஹாலிஸ்டர் மேசைக்கே வந்தார். "இடது பக்கம் நான் சொல்றபடி. வலது பக்கம் உன் இஷ்டம்." ஒரே களிமண் காரின் இரண்டு பக்கத்துக்கு இரண்டு வடிவம் வைத்து, டைரக்டர்களை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இங்கே வழக்கம்தான். ஆனால் எனக்கா?

"எப்படி சார் மனசு மாறினீங்க?"

"வீட்டுல ஒரு கேள்வி கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அது உனக்கெதுக்கு? போய் வேலையைப் பாரு."

ஏப்ரல் 15

டைரக்டர்கள் வந்தார்கள். என் பக்கத்தில் காஸ் கதவளவுக்கு வெட்டி, உள்ளே ஒரு மரப் பலகையையும் போட்டிருந்தான். அவர்கள் வழக்கம்போலச் சுற்றி வந்தார்கள். ஒருவர் மட்டும், எல்லோரிலும் வயதானவர், அந்தப் பலகையில் போய் உட்கார்ந்தார்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் போனால் காஸ் இடது பக்கத்துக் களிமண்ணைச் சுரண்டித் தள்ளிக்கொண்டிருக்கிறான். "என்னப்பா முழிக்கிறே? அந்தப் பக்கத்தையும் உன் பக்கத்து உயரத்துக்கே ஏத்தச் சொல்லிட்டாங்க."

சாயங்காலம் ஹாலிஸ்டர் ஒரு அனுமதிச் சீட்டை நீட்டினார். வெளியாள் ஒருவரும் நுழைய முடியாத இடம் எங்கள் வடிவமைப்பு ஸ்டூடியோ. யார் மனைவியும் இதுவரை உள்ளே வந்ததில்லை. அவர் கையெழுத்திலேயே இருந்தது: திருமதி நெட்டி க்ரோனின். வருகையின் காரணம்: உட்கார்ந்து பார்க்க.