மயில்கழுத்துப் புடவையும் மேடையில் சொல்லக் கூடாத பெயரும்

புதுத்துணி வாசம் உனக்குப் பிடிக்கும். பஸ்ஸில் யாராவது துணிக்கடைப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்தால், கொஞ்சம் சாய்ந்து முகர்ந்துகொள்வாய். இன்று காலை பீரோவைத் திறந்ததும் அதே வாசம் அடித்தது. நான் உடனே கதவைச் சாத்திவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை உனக்காக நான் கட்டிய மயில்கழுத்து நிறப் புடவை அது.

அந்த நிறம் சினைப்பைப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு உரிய நிறமாம். அருப்புக்கோட்டையில் ஒரு துணிக்கடை, மயில்கழுத்துப் புடவை ஒவ்வொன்றின் விலையிலும் ஒரு பங்கை அந்த நோயின் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாகச் சொல்லி, மண்டபம் பிடித்து ஃபேஷன் ஷோ நடத்தியது. கடை முதலாளியின் மருமகள் திருச்சுழிப் பள்ளியில் நம் இருவரிடமும் படித்தவள். வீட்டுக்கே வந்து அழைத்தாள்.

"சயின்ஸ் டீச்சர் அந்த வியாதியிலதான டீச்சர் தவறுனாக? அவுகளப் பத்தி நீங்க ரெண்டு வார்த்த பேசணும். புடவ நாங்களே தாரோம்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ போனபின் உன் பேச்சை யாரும் என்னிடம் எடுப்பதில்லை.

மண்டபத்தில் நுழைந்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. வாசலில் ரிப்பன், செல்ஃபி எடுக்க ஒரு சட்டம், குலுக்கல் பரிசுக்கு ஒரு பெட்டி. டாக்டர் பேசுவதாக இருந்த நேரத்தைக் குலுக்கலுக்குக் கொடுத்துவிட்டார்கள். நோய் எப்படி ஆரம்பிக்கும், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு தட்டிகூட இல்லை. பாம்பு புகுந்த வீட்டு வாசலில் 'ஜாக்கிரதை' என்று மட்டும் எழுதி, அதைச் சுற்றிக் கோலமும் போட்டு வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

மேடைக்குப் பின்னால் மருமகள் என் காதருகே வந்தாள். "டீச்சர், சினைப்பைனு மைக்குல சொல்ல வேணாம். மாமா முன்வரிசையில இருக்காக, வயசுப் பிள்ளைகளும் வந்திருக்கு. லேடீஸ் பிரச்சினைன்னு சொல்லிருங்க."

அவளை ஓர் அறை விடத் தோன்றியது. ஆனால் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? பத்தாம் வகுப்பு இனப்பெருக்கப் பாடம் வந்ததும் நீ புத்தகத்தை மூடியது நினைவிருக்கிறதா? பக்கத்து வகுப்பில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் உன் குரல் தெளிவாகக் கேட்டது: "இது பரீட்சைக்கு வராது. வீட்டுல வாசிச்சுக்கோங்க." ஆசிரியர் அறையில் கேட்டதற்கு, "அந்தப் படத்த போர்டுல வரைஞ்சிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்புறது?" என்றாய். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்த வகுப்பில் இந்தப் பெண்ணும் இருந்தாள். நாம் மூடிய புத்தகத்தை அவள் இன்னும் திறக்கவில்லை.

மேடையில் நடக்க வேண்டியவர்கள் கடையில் புடவை எடுத்துப் போடும் பெண்களேதான். பந்தல்குடியிலிருந்து வேலைக்கு வரும் செல்விக்கு நாற்பது வயது இருக்கும். அவளுக்கு மட்டும் கொசுவம் நிற்கவில்லை, வயிறு தள்ளிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, மாசமா இருக்கியா? இல்ல, பந்தியில மொத ஆளா உக்காந்துட்டியா?" என்று மருமகள் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

செல்வியும் சிரித்தாள். "நீங்க வேற. ஒரு வாய் உள்ள போனாலே நெறஞ்சிருது. வயிறு மட்டும் ஏறிக்கிட்டே போகுது." பிறகு தணிந்த குரலில், "பாத்ரூம் போயிட்டு வாரேன்" என்றாள்.

"இப்பத்தான போன? கடையிலயும் ஒனக்கு இதே சோலி" என்றார் சூப்பர்வைசர்.

நான் செல்வியையே பார்த்தேன். காலை பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நீயும் இப்படித்தான் ஓடுவாய். அரை டப்பா சோற்றை மூடி வைப்பாய். உள்பாவாடை நாடாவைத் தளர்த்தித் தளர்த்திக் கட்டினாய். "கேஸுடி" என்று ஓமத் தண்ணீர் குடித்தாய். நானோ ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும், "ஏன்டி, ரிட்டயர் ஆகுறதுக்குள்ள இன்னொன்னு பெத்துக்கப் போறியா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான்.

செல்வியைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். "நாலு மாசமா இப்படித்தேன் டீச்சர். லீவு கேட்டா, ஆடித் தள்ளுபடி முடியட்டும்ங்கிறாக."

நோய்க்குப் புடவை விற்கிற கடை! என் உடம்பிலிருந்த அந்தத் துணியே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மைக்கைப் பிடித்ததும் முதல் சொல்லாகச் சினைப்பை என்றேன். அதில் வந்த புற்றுநோய்தான் உன்னைக் கொண்டுபோனது என்றேன். முன்வரிசை தலை குனிந்தது. வயிறு உப்பல், சீக்கிரம் நிறைந்துபோவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் என்று கரும்பலகையில் எழுதுவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும், ஆனாலும் தொடர்ந்து இருந்தால் காட்டிவிடுங்கள் என்றேன். மருமகள் ஓரத்தில் நின்று கையைக் கையை ஆட்டினாள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக மேடையில் ஒரு பொய் சொன்னேன்: "தன் கடையில் வேலை பார்க்கும் பெண்களில் இந்தத் தொந்தரவு உள்ளவர்களை நாளைக்கே லீவு கொடுத்து டாக்டரிடம் அனுப்புவதாக முதலாளி என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த நல்ல மனதுக்குக் கைதட்டுங்கள்."

மண்டபமே தட்டியது. அவர் எழுந்து கும்பிட்டார். என்னைப் பார்த்த பார்வையில் மட்டும் கும்பிடு இல்லை. மறுநாள், பெண்களைப் போற்றும் வள்ளல் என்று வாட்ஸ்அப் முழுக்க அவர் படம். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஆனால் செல்விக்கு லீவு கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை அவளை மதுரைக்குக் கூட்டிப் போனேன். இடது சினைப்பையில் கட்டி இருக்கிறது. வேறு எங்கும் பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை, ஆபரேஷன் செய்தால்தான் முழுதாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வருகிற வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள்.

நான் மேடையில் பேசியபோது செல்வி பாத்ரூமில் இருந்திருக்கிறாள். அதனால் திரும்பும் பஸ்ஸில் கேட்டாள். "உங்க கூட்டாளிக்கும் இதேதான்னு மருமக சொன்னாக. அவுக நல்லா இருக்காகளா டீச்சர்?"

முப்பது வருடம் எந்தக் கேள்விக்கும் கையில் ஓர் உதாரணம் வைத்திருந்தவள் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்தது நீ ஒருத்திதான்.

"இல்ல தாயி, தவறிட்டா. அவ ஆஸ்பத்திரிக்கு வர ஒரு வருசம் ஆச்சு. நீ நாலு மாசத்துல வந்துட்ட" என்றேன்.

அவள் மடியிலிருந்த ஸ்கேன் கவரைப் பைக்குள் வைத்தாள். பிறகு என் கைமேல் கை வைத்து, "வியாழக்கிழம நீங்களும் வருவீகல்ல?" என்று கேட்டாள். வருவேன் என்றேன்.

அந்த ஒரு வருடமும் பஸ்ஸில் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வந்தவள் நான்தான் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.