என் கதிரையில் நீங்கள் அமர்ந்த நாள்

மிஸ்,

இன்று காலை, நான் இப்போது சேர்வர் பார்க்கும் கம்பனியின் பொத்துவில் கிளையிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். விற்பனை அறிக்கை திறக்கவில்லையாம். திரையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். 'இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "சேர், லைன்ல இரிக்கிங்களா?" என்று அவள் கேட்ட பிறகுதான் இந்த உலகத்துக்கு வந்தேன். நீங்கள் போய் இத்தனை வருடமாகியும் அந்த ஒற்றை வரி என்னை உங்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

அந்த வரியை நான் முதலில் கண்டது நாம் இருவரும் வேலை செய்த கல்முனை அலுவலகத்தில். சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு கரையோரத்தில் வீடு கட்டிக் கொடுத்த நிறுவனம் அது. வெளிக்கள உத்தியோகத்தர்களான எங்களுக்கு ஆளுக்கொரு ஊர். யாருக்கு வீடு, யார் தனியாக இருக்கிறார், ஆண் துணை இல்லாத குடும்பம் எது என்பதெல்லாம் சேர்வரில் அறிக்கைகளாகக் கிடக்கும். அவரவர் ஊர் மட்டும்தான் அவரவருக்குத் திறக்கும். அந்தச் சேர்வர் உங்கள் பொறுப்பு. அலுவலகத்தில் எல்லாருக்கும் நீங்கள் மிஸ். தமிழரான நீங்கள் என்னை, முஸ்லிம்களான நாங்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, 'நானா' என்பீர்கள்.

எனக்கு மருதமுனை. எல்லாருக்கும் போலவே எனக்கும் பிறந்த ஊரே பொறுப்பான ஊர். சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து, பெண் வீட்டில் குடியேறி, லீவு முடிந்து வந்து உட்கார்ந்தால் மருதமுனை அறிக்கை திறக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு கோப்புறை கண்ணில் பட்டது. நம்முடையதைத்தான் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திறந்தேன். சாய்ந்தமருது வீட்டுப் பட்டியல். பதறிப்போய் மூடிவிட்டேன். நான் பதறியதைச் சேர்வர் எழுதிவைக்குமா? திறந்ததை மட்டும் எழுதிக்கொண்டது.

அந்த நாட்களில் சாய்ந்தமருதில் பெரிய குழப்பம். வெளியிடாத பட்டியல் எப்படியோ சனத்தின் கைக்குப் போய், பெயர் இல்லாதவர்கள் அலுவலக வாசலில் வந்து நின்று சத்தம் போட்டிருந்தார்கள். கொடுத்தவர் யார் என்று தேடிக்கொண்டிருந்த முகாமையாளருக்கு என் பெயர் அகப்பட்டது. அந்த ஊர் மாப்பிள்ளை, திறந்தும் பார்த்திருக்கிறார். வேறென்ன வேண்டும்? முஸ்லிம் நண்பர்கள் "எங்கட ஆள் அப்பிடிச் செய்யமாட்டான்" என்றார்கள். தமிழ் நண்பர்கள் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனார்கள். ஒருவரும் கெட்டவர் இல்லை. தமிழரும் முஸ்லிமும் ஒருவரையொருவர் சந்தேகித்த அந்த வருடங்கள் அப்படி.

வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். பட்டியலைக் கொடுத்தவன் என்ற பெயரோடு ஒரு புது மாப்பிள்ளை எப்படிப் பெண் வீட்டுப் படலையைத் திறப்பான்? மாமி வைக்கும் சோற்றை எப்படி விழுங்குவான்? எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

முகாமையாளர் உங்களையும் என்னையும் கூப்பிட்டு வைத்துத் தன் முடிவைச் சொன்னார். விசாரணை முடியும்வரை என்னை நிறுத்திவைப்பது. இன்னும் சிலருக்கும் அறிக்கை திறக்கவில்லை என்று முறைப்பாடு வருவதால், எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிட்டுத் தலையிடியைத் தீர்ப்பது.

"திறந்து விடுறது லேசு, சேர்," என்றீர்கள். "அதுக்குள்ள தனியா இருக்கிற பொம்பிளையள்ட பேர், விலாசம் எல்லாம் கிடக்கு. நான் திறக்கமாட்டன். இவரையும் இப்ப நிப்பாட்டாதீங்க. என்ன நடந்த எண்டு பாத்துட்டுச் சொல்றன்."

குரல் உயரவே இல்லை. அந்த அறையில் அப்படிப் பேசிய ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நேரே என் மேசைக்கு வந்தீர்கள். "ஒழும்புங்க நானா. உங்கட பாஸ்வேர்டைப் போட்டுட்டுக் கதிரையத் தாங்க." நான் தட்டி முடிக்கும்வரை யன்னல் பக்கம் திரும்பி நின்றீர்கள். உங்கள் அறையிலிருந்தே பார்க்கலாமே என்று கேட்டேன்.

"என்ட கதிரையில இருந்து பாத்தா எல்லாம் திறக்கும். எல்லாம் திறக்கிற ஆளுக்குப் பிழை எங்க தெரியப்போகுது?"

பிறகு, ஓர் அனுமதியும் இல்லாத ஒரு வெறும் பெயரில் சேர்வரில் புதுக் கணக்கு உண்டாக்கி, அந்தப் பெயரில் நுழைந்து பார்த்தீர்கள். முதலில் வாசல். பிறகு வெளிக் கோப்புறை. பிறகு அதன் உள்ளே. மேலே கொடுத்த அனுமதி கீழே இறங்குகிறதா, எந்த இடத்தில் மறிபடுகிறது என்று பார்க்க, அனுமதிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனீர்கள். ஏதாவது ஒரு பட்டியல் திறந்தால் அந்தக் கணமே மூடினீர்கள். ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

உங்கள் ஊரான கல்முனையின் பட்டியலும் அப்படித் திறந்து மூடியது. கடல் உங்கள் அம்மாவையும் வீட்டையும் கொண்டுபோய், நீங்கள் தகரக் கொட்டிலில் இருந்த காலம் அது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"உங்கட பேர் இரிக்கா எண்டு பாக்கல்லையா மிஸ்?"

"திறக்குதா எண்டு பாக்கிறதுதான் என்ட வேலை, நானா. என்ட பேர் கிடந்தா கடிதம் வரும்."

சொல்லிவிட்டு அடுத்த கோப்புறைக்குப் போய்விட்டீர்கள். தகரத்துக்குள் வெந்துகொண்டு, தன் வீட்டுச் சேதி விரல் நுனியில் இருந்தும் பார்க்காத ஒரு மனுசி. எனக்கு அச்சம் போல ஒன்று வந்தது. கடைசியில் கடிதம் எல்லாருக்கும் வந்த நாளில்தான் உங்களுக்கும் வந்தது.

கோப்புறைகளில் பிழை இல்லை. என் பெயர்தான் சாய்ந்தமருதுக் குழுவுக்குள் போய்க் கிடந்தது. ஏன் என்பது பிடிபடவில்லை. தேநீர் குடிக்கும் இடத்துக்குப் போய், வேறு யாருக்கெல்லாம் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். சொறிக்கல்முனைக்குப் பொறுப்பான தம்பி கையை உயர்த்தினார். பொத்துவிலைப் பார்த்தவரும் உயர்த்தினார். எங்கள் மூவர் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

"பொம்பிளையள் ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லையா?"

இல்லை.

"நீங்க எல்லாரும் எப்ப கலியாணம் முடிச்ச நீங்க?"

முதலில் சிரித்தோம். கேலி பண்ணுகிறீர்கள் என்றே நினைத்தோம். சொறிக்கல்முனைத் தம்பி அப்போதுதான் காரைதீவில் முடித்திருந்தார், பொத்துவில்காரர் அக்கரைப்பற்றில். மூவரும் மாப்பிள்ளையாகிப் பெண் வீட்டுக்குப் போனவர்கள். மூவரும் நிருவாகப் பிரிவில் புது விலாசம் எழுதிக் கொடுத்தவர்கள். கொழும்பிலிருந்து வந்து சேர்வரை அமைத்துக் கொடுத்தவர், உத்தியோகத்தர் வசிக்கும் ஊர்தான் அவர் பார்க்கும் ஊர் என்று வைத்து, விலாசத்தைக் கொண்டே குழுக்களைப் பிரித்திருந்தார். தமிழரானாலும் முஸ்லிமானாலும் எங்கள் பக்கத்தில் கலியாணத்தோடு ஊர் மாறுவது ஆம்பிளைதான் என்பதை அவருக்கு யார் சொல்வது?

முகாமையாளர் இதைக் கேட்டு வாயைத் திறந்தபடி இருந்தார். வெளியூர்க்காரரான அவர் பக்கத்தில் பெண்தானே போவாள். அதுவரை ஒருவரும் பார்த்திராத, நான் திறந்த திகதியையும் சேர்வர் பதிவிலிருந்து எடுத்துக் காட்டினீர்கள். சனம் வந்து சத்தம் போட்டபோது எனக்குக் கலியாணமே ஆகவில்லை. அப்போது அந்தக் கோப்புறை என் கண்ணுக்கே தெரிந்திராது. பட்டியல் எப்படி வெளியே போனது என்பது கடைசிவரை தெரியவரவில்லை. என் பெயர் மட்டும் கழுவித் துடைத்தது போல வெளியே வந்தது. விலாசத்தை விட்டுவிட்டு, பொறுப்பைப் பார்த்துக் குழுக்களை மாற்றினீர்கள். மாமி வைத்த சோற்றை அன்று இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

யுத்தம் முடிந்து, அலுவலகமும் மூடி, நீங்கள் மட்டக்களப்பில் நோயோடு கிடந்தபோது பார்க்க வந்தேன். சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றாத பஸ்ஸில் வந்தது அதுதான் முதல் தடவை. நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன்: "ஒருத்தரும் நம்பாத நேரம் நீங்கதான் என்ன நம்பின மிஸ். மறக்க ஏலா."

தலையணையில் தலையை ஆட்டினீர்கள். "இல்ல நானா. நான் நம்பல்ல. உங்கள எனக்கு அவ்வளவு பழக்கமும் இல்லையே. பார்த்தன், அவ்வளவுதான்."

உண்மையைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் முறையிட்டேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், நிமிரவில்லை.

"நம்புறதெண்டா நானும்தானே உங்கள நம்பின. உம்மாவும்தான் நம்பின. அதால என்ன நடந்த? அவதானே பாத்தா."

அதற்குப் பிறகு உங்களைப் பார்க்க வர எனக்கு ஆயுள் இருந்தது, உங்களுக்கு இருக்கவில்லை. அன்று என் இடத்தில் யார் இருந்திருந்தாலும், எந்த ஊரார், எந்தப் பெயர் உள்ளவர் என்றாலும், நீங்கள் இதையேதான் செய்திருப்பீர்கள். ஆளுக்கு ஆள் பெயரைக் கேட்டு நம்பிய, பெயரைக் கேட்டு வெறுத்த அந்த வருடங்களில். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு புல்லரிக்கிறது, மிஸ். இன்று என் மேசைக்கு ஒருவர் மேல் பழி வந்தால், அவர் எப்படிப்பட்டவர் என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். நான் எழுந்து, பார்க்கப் போய்விடுகிறேன்.