பழசே போதும், அக்கா

பெரம்பலூர்
3 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவும் முத்தமிழ்க் குட்டியும் சௌக்கியமா? போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் நான் பாடம் எடுக்கும் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து இந்த மெயில்.

சென்னைக் கம்பெனி ஒன்று என்னைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறது. டிசம்பர் இருபதாம் தேதி. கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் வேலை. வீட்டிலிருந்தே, அவரவர் லேப்டாப்பில் செய்து காட்ட வேண்டும். ஒரே லேப்டாப்புக்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதுபோல் அமைப்பது. வெர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு ஜிபி மெமரி ஒதுக்க வேண்டும். சென்டர் கம்ப்யூட்டரில் மொத்தமே நாலுதான்.

அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: "தைக்குள்ள ஆர்டர் கையில இருந்தா மெட்ராஸ் போ. இல்லன்னா ஆலத்தியூர் மாப்பிள்ளைக்கு வாக்குக் குடுத்துருவேன். அப்புறம் அழுவக் கூடாது."

நீ லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொன்னாயே, அதை நம்பித்தான் சரி என்றேன். பதினாறு ஜிபி இருக்க வேண்டும். ஆபீஸ்களில் ஓடிய பழைய லேப்டாப்புகளைச் சரிபார்த்து விற்கிறார்கள். கறுப்பாக, கனமாக இருக்கும். லினக்ஸுக்கு அதுதான் ஒத்துப்போகும். திருச்சிக் கடை விலாசம் கீழே.

உன் மணி


அரியலூர்
8 நவம்பர் 2025

என் தங்கம் மணிக்கு,

பெருமாள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் இருக்கிறோம். லாரி கிளப்பும் தூசியில் முத்தமிழுக்கு இருமல்தான் விடமாட்டேன் என்கிறது.

பத்தாவதோடு நின்றவளுக்கு என்ன புரியும் என்று நினைக்காதே. மத்தியானம் எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டேன். மெமரி என்பது உலையில் போடும் அரிசி மாதிரி. வீட்டு ஆளுக்கும் வேண்டும், வந்த மூன்று விருந்தாளிக்கும் வேண்டும். சரிதானே? பாலுக்கும் பூவுக்கும் கணக்கெழுதி மிச்சம் பிடித்த பணம் உனக்கென்றே இருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதே.

பழசு என்பதற்குத்தான் மனசு ஒப்பவில்லை. யார் தொட்டதோ, எந்த ஆபீஸ் நொடித்துப்போய் விற்றதோ. முதல் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அடுத்தவர் கழித்த சாமானையா கொடுப்பது? உன் மாமா கேலி பண்ணுகிறார்: "அக்காளும் தங்கச்சியும் லேப்டாப்பு வாங்குறீங்களா, மாடு புடிக்கிறீங்களா? சுழியெல்லாம் பாக்குறீங்க!"

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
நந்தினி


பெரம்பலூர்
10 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அரிசிக் கணக்கு சரிதான். ஆனால் பழசே போதும், அக்கா. புதுசில் இந்த விலைக்கு எட்டு ஜிபிதான் வரும். மெலிசான லேப்டாப்பில் மெமரியைப் போர்டோடு பற்றவைத்துவிடுவார்கள், பிறகு கூட்ட முடியாது. யார் தொட்டிருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. இந்த ஒன்றை மட்டும் நான் சொன்னபடியே செய்.

உன் மணி


அரியலூர்
21 நவம்பர் 2025

என் கண்ணு மணிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. நீ சொன்ன கடைக்குப் போகத்தான் செய்தேன். கையில் எடுத்தும் பார்த்தேன். மூடியில் ஏதோ ஸ்டிக்கரைப் பிய்த்த தழும்பு. எழுத்துகள் தேய்ந்திருந்தன. அதை உனக்குக் கொடுக்கக் கையே வரவில்லையடி.

எதிர்க்கடையில் அதே விலைக்குப் புதுசு இருந்தது. எட்டு ஜிபிதான். ஆனால் நீ எழுதியதை மறக்காமல் கேட்டேன்.

"பின்னாடி எட்டு சேத்துக்கலாமா தம்பி?"

"தாராளமா சேத்துக்கலாங்க்கா."

கல்லங்குறிச்சிப் பெருமாள் சந்நிதியில் வைத்து, மூடியில் சந்தனம் குங்குமம் இட்டு எடுத்து வந்தேன். அர்ச்சகர் உன் பெயருக்கு, நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தார். ஞாயிற்றுக்கிழமை மாமா பஸ்ஸில் கொண்டு வருவார். வெள்ளி நிறம், உன் கைக்கு எடுப்பாக இருக்கும். எல்லாம் நல்லதாகவே நடக்கும்.

உன் அக்கா
நந்தினி


பெரம்பலூர்
26 நவம்பர் 2025

அக்காவுக்கு,

லேப்டாப் அழகாக இருக்கிறது. அம்மா தெரு முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினாள்.

லினக்ஸ் போட்டேன். பின்மூடியையும் கழற்றிப் பார்த்தேன். மெமரி போர்டோடு ஒட்டியிருக்கிறது. வேறு சேர்க்க இடமே இல்லை. கடைக்குப் போன் செய்தேன். "அது மெலிசு மாடலுங்க, சேக்க முடியாது" என்றான். "எங்க அக்காகிட்ட முடியும்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன். "ஹார்ட் டிஸ்க்கச் சொல்லிருப்பேங்க" என்று வைத்துவிட்டான்.

முதல் மெஷின் ஓடுகிறது. இரண்டாவது நொண்டுகிறது. மூன்றாவது எழுந்திருக்கவே இல்லை. கடையில் நேரில் கேட்டுப் பார்ப்பாயா?

மணி


அரியலூர்
2 டிசம்பர் 2025

மணி,

இரண்டு தரம் திருச்சி போய் வந்தேன். "பெட்டியப் பிரிச்சு, பொட்டு வச்சு, உள்ள வேற எதையோ ஏத்தியாச்சு. இனி எப்புடிங்க்கா திருப்பி எடுக்கிறது? பாதி வெலைக்கு வேணா எடுத்துக்குறேன்" என்கிறான். அந்தப் பாதியில் பழசும் வராது. மாமாவிடம் கேட்டேன். அவரிடமும் இல்லை.

சிறுவாச்சூர் அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறேன். ஒன்று கேட்கிறேன், திட்டாதே. மூன்றையும் ஒன்றாக ஓட்டத்தான் வேண்டுமா? ஒரே பந்தியில் இடமில்லை என்றால் அடுத்த பந்தியில் உட்கார வைப்பதில்லையா?

உனக்கு எல்லாம் புதுசாக இருக்க வேண்டும் என்றுதானடி நினைத்தேன். ஒரு வரியாவது பதில் எழுது.

அக்கா


பெரம்பலூர்
29 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

அடுத்த பந்தி கிடையாது. மூன்றும் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று பேச வேண்டும், அதுதான் தேர்வே.

தேர்வன்று மூன்றாவதைக் கிளப்பினேன், திரை அப்படியே உறைந்துபோயிற்று. கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி அம்மாள் பாவம், நேரம் முடியும்வரை காத்திருந்தார். பிறகு "சாரி மணிமொழி" என்றார். நான் தேங்க்ஸ் சொன்னேன்.

மார்கழி என்றும் பாராமல் நேற்று ஆலத்தியூரிலிருந்து வந்தார்கள். அவர் பெயர் உத்திராபதி. நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறது. "எங்கிட்ட எதாச்சும் கேக்கணுமாங்க?" என்று கேட்டார். தையில் முகூர்த்தம்.

இந்த மாதம் நீ எழுதிய மூன்று மெயிலுக்கும் நான் பதில் எழுதவில்லை என்று நீ பட்டினி கிடக்கிறாயாம், அம்மா சொன்னாள். சாப்பிடு. நீ எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அது தெரிந்திருப்பதால்தான் யாரிடமும் சொல்லி அழக்கூட முடியவில்லை.

சென்டரில் இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறேன். இந்த மெயிலை இனிமேல் பார்க்க மாட்டேன்.

பொங்கலுக்கு முன்னால் புடவை எடுக்கக் கும்பகோணம் போகிறார்கள். நீயும் வருகிறாயாம். வா. எனக்கு எது நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்லாதே.

மணிமொழி